மலைக்கு வந்த தெர்மாமீட்டர் கம்பெனி

கொடைக்கானல் ஊரானதே காற்றை நம்பித்தான். மதுரைச் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845இல் மலையேறிய அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். தெளிந்த வானத்துக்காக 1899இல் சூரிய ஆய்வகம் இங்கே அமைந்தது. உடம்பு தேற வேண்டும் என்றால் கொடைக்கு அனுப்பு என்று சொல்லும் பழக்கம் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பல தலைமுறைகளாக இருந்தது.

இந்த ஊருக்குத்தான் 1983இல் ஒரு பாதரச தெர்மாமீட்டர் ஆலை வந்து சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்னும் ஊரில் செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திவந்த தொழில் அது. அங்கிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். செயின்ட் மேரிஸ் சாலையை ஒட்டிய மலைமுகட்டில் ஆலை எழுந்தது. அதன் ஒரு பக்கம் பாம்பார் சோலை. அந்தச் சரிவில் இறங்கும் நீர்தான் கீழே பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. 1987இல் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா, ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. கைமாறினாலும் வேலை மாறவில்லை. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வரும். செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே திரும்பிப் போகும்.

மலையில் மாதச் சம்பளம் தரும் வேலை அரிது. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஊர், சீசனை நம்பிப் பிழைக்கிற ஊர். அங்கே ஒரு கம்பெனி வேலை என்பது பெரிய விஷயம். படிப்பை முடித்த கையோடு இளைஞர்களும் பெண்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஆலை ஓடிய 18 ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

ஒரு தெர்மாமீட்டருக்குள் இருக்கும் பாதரசம் ஒரு கிராம் அளவுதான். ஆனால் அதை நிரப்புகிற இடத்தில் அது கிலோக்கணக்கில் புழங்கும். கண்ணாடி உடையும், மணிமணியாகச் சிதறும், தரையின் விரிசலுக்குள் ஓடி ஒளியும். பாதரசம் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. 20 டிகிரியிலேயே, மூடிய அறையின் காற்று அதன் ஆவியால் முழுதும் நிறைந்தால் கன மீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் வரை ஏறும். இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.05 மில்லிகிராம். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆவி இரட்டிப்புக்கும் மேலாகும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூச்சோடு உள்ளே போனதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும். ரத்தத்தில் கலந்து மூளைக்குள் நுழையும், சிறுநீரகத்தில் தங்கும், கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியையும் கடக்கும். கை நடுக்கம், ஈறு வீக்கம், ஞாபக மறதி, காரணமில்லாத எரிச்சல் என்று மெல்ல மெல்லத் தலைகாட்டும்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. வெனிஸ் பக்கம் கண்ணாடிக்குப் பாதரசம் பூசியவர்களின் நோய்களை இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700ஆம் ஆண்டு வெளியான தம் நூலிலேயே விவரித்தார். இந்த மலையின் அடிவாரத்துக்கும் பாதரசம் அன்னியமில்லை. பழனியாண்டவர் திருமேனியைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது மரபு; அந்த ஒன்பதின் பட்டியலில் ரசமும் வீரமும் பூரமும் லிங்கமும் சொல்லப்படுகின்றன. ஓடுகிற ரசத்தைக் கட்டுவதே சித்த மரபில் பெரிய வித்தையாக மதிக்கப்பட்டது. ஆக, அறிவு இருந்தது. நம் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோயாகப் பாதரச நஞ்சும் இருந்தது. தாங்கள் கையாளுவது விஷம் என்று தங்களிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை, வேலை உடுப்பையே வீட்டுக்கு உடுத்திப் போனோம் என்றுதான் தொழிலாளர்கள் பின்னாளில் கூறினார்கள்.

விஷயம் வெளியே வந்தது ஒரு பழைய சாமான் கடை வழியாக. ஊரின் நெரிசலான மூஞ்சிக்கல் பகுதியில் ஆலையின் உடைந்த தெர்மாமீட்டர்கள் டன் கணக்கில் சாக்குகளில் கிடந்தன. சில சாக்குகள் கிழிந்திருந்தன. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம், கிரீன்பீஸ் அமைப்பு, ஊர்மக்கள், முன்னாள் தொழிலாளர்கள் என்று சுமார் 400 பேர் 2001 மார்ச் 7ஆம் தேதி ஆலையை நோக்கி ஊர்வலம் போனார்கள். அந்த மாதமே உற்பத்தி நின்றது. மறுபடி ஆலை திறக்கவே இல்லை. 2003இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி நிலையத்துக்குப் போனது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு விஷக்கழிவு திரும்பிப் போவது அபூர்வம். கொடை மக்கள் அதைச் சாதித்தார்கள்.

காற்றில் போனதைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கொடை ஏரியின் நீரையும் சேற்றையும் மீனையும் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஏரி மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. ஆலையிலிருந்து தள்ளியிருக்கும் பேரிஜம், குக்கல் ஏரிகளின் நீரிலும் சேற்றிலும் அளவு குறைவு.

தண்ணீரையும் மீனையும் சோதிப்பது சுலபம். மனித உடம்பு அப்படியில்லை. மூச்சில் போன பாதரசத்தில் பாதி, சுமார் இரண்டு மாதத்தில் உடம்பிலிருந்து வெளியேறிவிடும். அடுத்த இரண்டு மாதத்தில் எஞ்சியதில் பாதி. ஆலை மூடி ஒரு வருஷம் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் கையில் கிடைப்பது சொற்பம். ஆனால் சிறுநீரகத்திலும் நரம்பிலும் நடந்த சேதம் சேதமாகவே இருக்கும். அது குடியாலும் வரலாம், சர்க்கரை நோயாலும் வரலாம், வயதாலும் வரலாம் என்று யாரும் வாதாட இடமுண்டு. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது இந்தச் சுவரில்தான் முட்டினார்கள். நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோய்களைப் பாதரசத்தோடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு 2011இல் அளித்த அறிக்கையோ, பாதிப்புக்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. நிறுவனம், வேலையால் யாருக்கும் உடல்நலக் கேடு ஏற்படவில்லை என்ற நிலையில் உறுதியாக நின்றது.

இங்கேதான் பெரிய அநியாயம் இருக்கிறது. ஆவியை உண்டாக்கியவர் அது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. சுவாசித்தவர்தான், ஆவி கலைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அது தன்னைக் கெடுத்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே மின் சிகரெட் தடை ஓர் உதாரணம். மின் சிகரெட்டில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் கலந்த திரவத்தை ஒரு சின்னக் கம்பிச்சுருள் சூடாக்குகிறது. சூடு மிஞ்சினால், முக்கியமாகத் திரி உலர்ந்தால், அந்தத் திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகின்றன. முன்னது புற்றுநோய் தருவதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்தது. பின்னது நுரையீரலை அரிப்பது. எவ்வளவு சூட்டில் எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் தீரவில்லை. தீரும்வரை அரசு காத்திருக்கவில்லை. தமிழ்நாடு 2018இல் தடை போட்டது, மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தத் தடை சரியா தவறா என்பது தனி வாதம். அங்கே யாரும் சிறுநீர்ச் சோதனைச் சீட்டோடு கோர்ட்டுப் படியேற வேண்டியிருக்கவில்லை.

கொடைக்கானல் தொழிலாளர்கள் ஒரு சமரசத்தை எட்டவே 15 வருஷம் ஆனது. 2015 ஜூலையில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோ உலகமெங்கும் பரவியது; யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றது நிறுவனம். பணம் சிகிச்சைக்கும் கடனுக்கும் உதவியிருக்கும், அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனாலும் தப்பு நடந்தது என்ற ஒரு வரி, வேலை பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பாதரசக் காய்ச்சல் தெர்மாமீட்டர் உலகச் சந்தையிலிருந்து விலகுகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை 2020ஐ அதற்குக் கெடுவாக வைத்தது. இந்தியா 2018இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. ஆலை நின்ற மலைமுகட்டில் பாதரசம் கலந்த மண்ணைப் பற்றிய வழக்கு மட்டும் நீண்டுகொண்டே போனது. கிலோ மண்ணில் 20 மில்லிகிராம்வரை பாதரசம் மிஞ்சினால் போதும் என்ற அளவுகோல் முன்வைக்கப்பட்டது. பிரிட்டனில் குடியிருப்பு மண்ணுக்கு ஒரு மில்லிகிராம் அளவு என்றிருக்க, யூனிலீவர் இங்கே மட்டும் 20 விடலாமா என்று கொடை ஆர்வலர்கள் கேட்டார்கள். அந்த மண்ணுக்குக் கீழே சோலை, சோலைக்குக் கீழே பாம்பார், அதற்கும் கீழே கும்பக்கரையில் குளிக்கிற சனம்.