பொருளாதாரப் படிப்பும் நம் குப்பமும்

பொருளாதாரமும் வணிக நிர்வாகமும் சர்வகலாசாலையிற் பயில விரும்புவதாக ஊரூர் ஒல்காட் குப்பத்து இளைஞர் சிலர் நம்மிடம் கூறினர். அது செல்வர் வீட்டுப் படிப்பென்று தயங்கும் பெற்றோர்க்கு ஒரு பழஞ்செய்தி சொல்லுவோம்.

1857-இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையில், இந்தியப் பொருளாதாரத்திற்கு முதற் பேராசிரியராக 1915-இல் நியமனம் பெற்றவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். அவர் ஏட்டுப் பாடத்தோடு நில்லாது, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் கையில் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று தத்தம் ஊரிலேயே கேட்டெழுதச் செய்தார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களின் வரலாறு இவ்வாறு 1918-இல் நூலாயிற்று. பின்னர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் மறுமுறை ஆய்ந்து 1940-இல் வெளியிட்டனர்.

மேற்சொன்ன நான்கும் ஏரும் வயலும் உடைய ஊர்கள். நம் கரையிலோ வலைக்கொரு பங்கு, படகுக்கொரு பங்கு, ஆளுக்கொரு பங்கு, இஞ்சினுக்குக் கடன், ஏலத்தில் நொடிக்கொரு விலை. கூடை சுமக்கும் நம் தாய்மார் இவற்றை மனக்கணக்காகவே போட்டு முடிப்பர். பள்ளியாசிரியராகிய நமக்கு அது இன்னும் பிடிபட்டபாடில்லை. அக்கணக்கு ஏட்டில் ஏறவேண்டும். படிக்கச் செல்லும் பிள்ளை முதல் விடுமுறைக்கு வினாப்பட்டியலோடு வரட்டும். விடியலில் ஏலம் நடக்கும் மணலில் நாமும் உடன் நிற்போம்.