கையொப்பமும் கைத்திறனும்

தச்சர் செய்த நாற்காலி ஆடினால் அக்குறை நம் கண்ணுக்குத் தெரியும். மின்கம்பியின் குறையோ சுவருக்குள் மறைந்து கிடந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் ஓர் உயிரைக் குடிக்கும். மின்பணி செய்வோர்க்கு உரிமம் வேண்டும் என்னும் விதியின் வேர் இதுவே.

மின்விளக்கு வீடுகளில் நுழையத் தொடங்கிய 1882ஆம் ஆண்டிலேயே, இலண்டனிலிருந்த தந்திப் பொறியாளர் மற்றும் மின்வல்லுநர் சங்கம் தீவிபத்தைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. அறியாமையும் அனுபவமின்மையுமே பெரும் ஆபத்து என்றும், தேர்ந்தவரின் மேற்பார்வையே சிறந்த காப்பு என்றும் அச்சங்கம் அன்றே கருதியது.

நம் நாட்டில் 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1937இலும் 1956இலும் விதிகள் வகுக்கப்பட்டன. 1956ஆம் ஆண்டு விதிகளுள் 45ஆவது விதி மூவரை வேண்டிற்று: உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர், அனுமதிச்சீட்டு பெற்ற பணியாளர். விளக்கு, விசிறி, சுவிட்சு ஆகியவற்றை மாற்றுதல் போன்ற சிறு வேலைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2003இல் புதிய சட்டம் வந்தது. அதன்கீழ் 2010இலும் 2023இலும் பிறந்த ஒழுங்குமுறைகளும் இக்கருத்தைக் கைவிடவில்லை.

விதி நன்று, நடைமுறை எவ்வாறு? நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளியொன்றில் புதிய வகுப்பறைகளுக்குக் கம்பி அமைக்கப் பெற்றது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பழைய மாணவர் ஒருவர் அவ்வேலையைச் செவ்வனே முடித்தார். ஆயினும் அவரிடம் சான்று இல்லை. உரிமம் பெற்ற ஒருவர் வந்தார்; ஒரு பலகையையும் திறந்து பாராமல் கையொப்பமிட்டுக் கூலி பெற்றுச் சென்றார். “ஐயா, எர்த் கம்பியைக்கூட அவர் பார்க்கவில்லையே! தேர்வெழுத நான் விண்ணப்பித்தால், என் அனுபவத்துக்குச் சான்று தரவேண்டியவரும் இவரைப் போன்ற ஒருவர்தானே?” என்றார் என் மாணவர். அக்கையொப்பத்தை ஏற்றுக்கொண்ட நான் நாணித் தலைகுனிந்தேன்.

கைத்திறன் உடையவனுக்குச் சான்று எட்டவில்லை. சான்று உடையவனோ கண்ணால் பார்க்கவில்லை. இவ்விரண்டுமே விதியின் நோக்கத்தைக் கெடுப்பவை. திறமையாளர் தேர்வெழுத நேர்வழி திறக்க வேண்டும். பாராமல் இடும் கையொப்பத்தைக் குற்றமென எண்ண வேண்டும். நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர், சிலர் அதிகாரியாவீர். எத்தாளில் கையொப்பமிடும்போதும், அதன்பின் உள்ள சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு இடுங்கள்.