மனித மரபணுத்தொகுதியில் பண்டைய வைரஸ் எச்சங்கள்

மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு, நம் மூதாதை உயிரினங்களைத் தொற்றிய ரெட்ரோவைரஸ்கள் விட்டுச்சென்ற எச்சம். கருமுட்டையையோ விந்தணுவையோ உண்டாக்கும் செல்லுக்குள் புகுந்த வைரஸ் அங்குள்ள டி.என்.ஏ.வில் பதிந்துவிட்டால், பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்கிக்கொண்டே போகும். இவை உள்ளுறை ரெட்ரோவைரஸ்கள் எனப்படும். மரபணுத்தொகுதியில் புரதங்களுக்கான குறியீடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதை அந்த 8 விழுக்காட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவற்றை முதலில் காட்டிக்கொடுத்தவை கோழிகள். 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனின் ராபின் வைஸ், கோழிகளில் புற்று உண்டாக்கும் ரவுஸ் ரெட்ரோவைரஸின் குறைபாடுள்ள வகைக்கு, தொற்றே இல்லாத கோழிச் செல்கள் உறைப்புரதம் தருவதைக் கண்டார். அந்தத் திறன் மெண்டல் விதிப்படி குஞ்சுகளுக்கு இறங்கியது. ஆர்.என்.ஏ. வைரஸாவது, மரபுவழி வருவதாவது என்றிருந்த காலம்; அவர் கட்டுரை முதலில் ஏற்கப்படவில்லை. அவர் தளரவில்லை. மலேசியக் காடுகளில் ஓராங் அஸ்லி மக்களின் துணையோடு காட்டுக்கோழிகளைப் பிடித்து ஆராய்ந்தார். அவற்றிலும் அந்த மரபுவழி வைரஸ் இருந்தது. ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ. படியெடுக்கும் நொதியை 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தபின் வைரஸ் பதியும் வழி தெளிவாயிற்று. மனித டி.என்.ஏ.வில் இத்தகைய வரிசைகள் 1980களின் தொடக்கத்தில் அடையாளம் காணப்பட்டன.

பெரும்பாலானவை சடுதிமாற்றங்களால் சிதைந்தவை. ஆனால் ஒன்று நம் பிறப்புக்கே துணைநிற்கிறது. ஏழாம் குரோமோசோமில் உள்ள ஒரு வைரஸின் உறைமரபணு தரும் சின்சிட்டின் என்ற புரதம், நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றோடொன்று இணைத்து, தாய்க்கும் கருவுக்கும் இடையே ஒரே படலமாக்குகிறது. இது 2000இல் தெரியவந்தது.

அதே வைரஸ் குடும்பத்தின் மீதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான ஐயமும் விழுந்தது. 1989இல் பிரான்சில் ஹெர்வே பெரோன் ஒரு நோயாளியின் மூளையுறைச் செல்களில் வைரஸ் துகள்களைக் கண்டார். அதன் உறைப்புரதத்தைக் குறிவைத்த டெமெலிமாப் மருந்து, இரண்டாம் கட்டச் சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஏ.எல்.எஸ். நரம்புநோயில் வேறொரு குடும்பம் விழித்தெழுவதாக 2015இல் வந்த ஆய்வை மற்ற ஆய்வகங்களால் உறுதிசெய்ய இயலவில்லை. நோயுற்ற திசுவில் பழைய வைரஸ் தென்படலாம். வீக்கத்தாலேயே அது கிளறப்பட்டிருக்கவும் கூடும். நோய்க்கு அதுவே காரணம் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

புற்றுநோயில் அத்தகைய சான்று ஒன்று உண்டு. ஹாட்ஜ்கின் லிம்போமா செல்களில், வழக்கமாக அடக்கிவைக்கப்பட்டிருக்கும் ஒரு பழைய வைரஸ் துண்டு, பூட்டு அகன்றதும் அருகிலுள்ள வளர்ச்சி ஏற்பி மரபணுவை இயக்கிவிடுவதை 2010இல் பெர்லின் ஆய்வாளர்கள் காட்டினர். அந்த ஏற்பியை நம்பியே புற்றுச்செல்கள் பிழைக்கின்றன. அத்துண்டு வைரஸ் எதையும் உருவாக்குவதில்லை.