160 எழுத்துக்குள் ஒரு தமிழ்

"டேய், ஜோம்டா, மாமாக்ல ரொட்டி சானாய் சாப்ட்லாம். எக்ஸாம்தான் முடிஞ்சிச்சில."

மலேசியாவில் என் வயதுக்காரர்களின் வாட்சப்பில் இப்படித்தான் செய்திகள் ஓடும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே மூச்சில். ஒரே வித்தியாசம், இதை நாங்கள் ரோமன் எழுத்தில் அனுப்புவோம். பெரியவர்கள் பார்த்தால், "ஃபேஸ்புக் வந்துதான் தமிழ் கெட்டுப்போச்சு" என்பார்கள். ஆனால் இந்தப் பழக்கம் ஃபேஸ்புக்குக்கும் முந்தியது. அதற்கு ஒரு பொறியியல் காரணமும் உண்டு.

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்திக்கு உள்ள இடம் 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும். ஆகவே 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு யூனிகோடில் 16 பிட் வேண்டும், 70தான் கொள்ளும். அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கைப்பேசிக்கு ஏழு. ஆக, ஒரு செய்தியில் தமிழெழுத்தில் 10 வணக்கம் சொல்லலாம். ரோமனில் அது எட்டு எழுத்து. 20 வணக்கம் சொல்லலாம். டாப்-அப் காசை எண்ணிச் செலவழிக்கிற மாணவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? அப்படியே காசு போனாலும் பரவாயில்லை என்று தமிழில் அனுப்பினால், எதிர்முனையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது.

நம் ஊர் சும்மா இருந்துவிடவில்லை. முரசு மென்பொருளை 1985-இல் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். கைப்பேசியில் தமிழ் எழுத அவர் உருவாக்கிய செல்லினம் 2005-இல் வெளிவந்தது. ஆனால் அதற்குள் விரல்கள் ரோமனுக்குப் பழகிவிட்டன. பள்ளியில் நாங்கள் படித்த மூன்று மொழிகளில் இரண்டுக்கு ஒரே எழுத்து. ஜாவியில் எழுதப்பட்டுவந்த மலாய்க்கு ரூமியே எழுத்து என்று 1963/67 தேசிய மொழிச் சட்டம் வகுத்தது. அதனால் தமிழை மட்டும் எழுத வேறொரு விசைப்பலகைக்குத் தாவ வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஃபிரெண்ட்ஸ்டர் இங்கே பிரபலமானது. என் அக்காவின் தலைமுறை தங்களை உலகத்துக்கு முதலில் அறிமுகப்படுத்திக்கொண்டது அங்கேதான். குறுஞ்செய்தியின் எல்லை அங்கே இல்லை. இருந்தும் ரோமன் தொடர்ந்தது. வசதிக்காக வந்த எழுத்து அடையாளமாக மாறியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். 'லா'வும் 'மச்சி'யும் 'ஜோம்'மும் ஒரே எழுத்தில் வரும்போது எந்த மொழியும் விருந்தாளி இல்லை. தமிழ்நாட்டுக்காரரும் இப்படி எழுதமாட்டார், மலாய்க்காரரும் எழுதமாட்டார். இது எங்களுடையது.

இந்த அடையாளத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. 2013-இல் ஐஓஎஸ் 7-இல் தமிழ் விசைப்பலகையே வந்துவிட்டது. இன்று வாட்சப்பில் எழுத்துக்குக் காசில்லை, கட்டமும் தெரிவதில்லை. பழைய காரணம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் எங்கள் குடும்பக் குழுவில் பாட்டியும் இருக்கிறார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த அவருக்குத் தமிழெழுத்து மட்டும்தான் தெரியும். பேரப்பிள்ளைகள் நாள் முழுக்கத் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம். பாட்டியால் ஒரு வரி படிக்க முடியாது. "யாராச்சும் வாய்ஸ்ல சொல்லுங்கய்யா" என்று குரல் பதிவு போடுவார். மூன்று மொழிகளையும் சேர்த்துக்கொண்ட எங்கள் எழுத்து, அவரை வெளியே நிறுத்தியிருக்கிறது.

ஃபிரெண்ட்ஸ்டரை 2009-இல் ஒரு மலேசிய நிறுவனம் வாங்கியது. 2011-இல் அது விளையாட்டுத் தளமாக மாறியபோது பழைய படங்களும் நண்பர்கள் எழுதிய வாசகங்களும் நீக்கப்பட்டன. மலேசிய இளைஞர்கள் இணையத்தில் எழுதிப் பழகிய முதல் தமிழில் ஒரு பெரும் பகுதி அதோடு போய்விட்டது. தோட்டத்து மனிதர்களின் பேச்சு நமக்கு நாவல்களில் கிடைக்கிறது, ஏனென்றால் யாரோ அதைத் தமிழெழுத்தில் எழுதி வைத்தார்கள். எங்கள் 'ஜோம்டா'வை அப்படி யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

கலந்து பேசுவதை விடச் சொல்லவில்லை. கலந்தபடியே, 'லா'வோடும் 'ஜோம்'மோடும், தமிழெழுத்தில் எழுதலாம் என்கிறேன். 70 எழுத்துக் கட்டுப்பாடு இப்போது இல்லை. பாட்டியும் படிப்பார்.