காலிக் கல்வெட்டும் கடல் வரலாறும்

ஈழத்தின் கடல் வரலாற்றை ஆராய்வோர் முதற்கண் நோக்கவேண்டிய சான்றுகளுள் ஒன்று, 1877ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. அது 4 அடி 9 அங்குல உயரமுடைய ஒரு கற்பலகை. 1911ஆம் ஆண்டில் காலி நகரிலே தொமலின் என்னும் பொறியியலாளர் அதனைக் கண்டெடுத்தபோது, எழுத்துப் பொறித்த பக்கம் கீழ்நோக்க, மதகொன்றின் மூடியாக அது கிடந்தது.

சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் எழுதப்பட்ட இச்சாசனம் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனத்திலே பொறிக்கப்பெற்று, மிங் பேரரசின் கடற்படைத் தலைவனான செங் ஹோவினால் ஈழத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சீனப் பகுதி புத்தபிரானையும், தமிழ்ப் பகுதி தென்பகுதித் துறைமுகமான தேவிநுவரையில் எழுந்தருளியிருந்த தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமியர் வழிபடும் இறைவனையும் போற்றுகின்றன. ஆயின் பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியல்கள் பெரிதும் ஒத்துள்ளன. தெய்வம் வேறுபட்டபோதிலும் காணிக்கையில் ஏற்றத்தாழ்வு காட்டாமை வணிகத் துறையொன்றில் இறங்கும் அரசின் நுண்ணறிவைப் புலப்படுத்தும்.

இதனைக் கொண்டு தென்னிலங்கையிலே அக்காலத்தில் தமிழராட்சி நிலவியதென முடிவு கட்டுதல் பொருந்தாது. கல்லிலுள்ள மொழி ஆள்வோரைக் காட்டிலும் துறைமுகத்திலே கூடுவோரையே பெரிதும் சுட்டுகின்றது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுச் சாசனம் இதனைத் தெளிவுறுத்தும். ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு மரக்கலங்கள் உடைந்தால், யானையும் குதிரையும் ஏற்றிவந்தவற்றில் நாலிலொரு பங்கும், வணிகச் சரக்கு ஏற்றிவந்தவற்றில் பாதியும் அரச பண்டாரத்தைச் சேரும், எஞ்சியது உடையவனுக்குரியது. சிங்கள மன்னனொருவன் இவ்விதியைத் தமிழிலே வெளியிட்டமை, தமிழ் கடல் வணிகத்தின் பொதுமொழியாக வழங்கியமைக்குச் சான்றாகும். காலிக் கல்வெட்டின் தமிழும் இவ்வழக்கின் தொடர்ச்சியே.

எனினும் சாசனங்கள் அரசரின் குரலையே தாங்கி நிற்பன. காணிக்கை கூறும் கல், 1411ஆம் ஆண்டளவில் செங் ஹோ அழகக்கோனாருடன் பொருது அவனைச் சிறைபிடித்துச் சென்றதைக் கூறாது. கப்பலோட்டியவர், கட்டிய தச்சர், பொருளை ஈடு வைத்த வணிகர் ஆகியோரைப் பற்றியும் கூறாது. அவர்தம் சான்றுகள் மரத்திலும் தாளிலும் அமைந்தவை. ஆதலின் எளிதில் அழிந்தன.

வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் இதற்கு உதாரணமாகும். அமெரிக்கரான வில்லியம் ஆல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கிப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். வடபுலக் கப்பல் தச்சரின் தொழில் நுட்பத்துக்கு இப்பயணமே போதிய சான்று. கலம் தாய்நாடு திரும்பவில்லை, நினைவே எஞ்சியது.

தாளின் நிலையின்மையை 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் நமக்குக் கற்பித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் கடலோடிக் குடும்பங்களின் வழித்தோன்றல்களிடம் பழைய கணக்கேடு, கப்பற் புகைப்படம், திசைகாட்டி முதலியன இருப்பின், அவற்றைப் படியெடுத்தும் நன்கொடையாகப் பெற்றும் பொது நிறுவனமொன்றிலே பேணுதல் பல்கலைக்கழகத்தாரின் கடமையாகும். கல், கேட்பாரற்றுக் கிடந்தும் நூற்றாண்டுகளைத் தாங்கியது. தாள் அத்துணைக் காலம் காத்திராது.