மையவாடிப் பதிவுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி?

ஒருவர் வஃபாத்தாகும்போது உயிரோடிருந்த வாரிசுகளுக்கே ஷரீஅத்தின்படி அவருடைய சொத்தில் பங்கு உண்டு. தந்தை முந்தினாரா, மகன் முந்தினாரா என்பது தெரியாவிட்டால் பாகப்பிரிவினை சிக்கலாகிவிடும். எனவே இறப்புத் தேதியைச் சரியாக அறிவது அவசியம்.

கண்டமங்கலம் பகுதிக் குடும்பத்தினர் முதலில் தங்கள் மஹல்லா ஜமாஅத்தின் பதிவேட்டைப் பாருங்கள். அதில் ஹிஜ்ரி தேதி இருந்தால் கவனம் தேவை. மக்ரிபுடன் நமக்கு அடுத்த நாள் தொடங்கிவிடும். அரசுப் பதிவில் நள்ளிரவில்தான் தேதி மாறும்.

தமிழகத்தில் 2018 முதல் பதிவான இறப்புகளுக்கு அரசு இணையதளத்திலேயே சான்றிதழ் பெறலாம். அதற்கு முந்தியவற்றுக்கு வி.ஏ.ஓ., சார்பதிவாளர் அலுவலகங்களில் விசாரியுங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழ்ந்த உறவினர் உண்டா? பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம், காலனி காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது.

சபுராளிகளின் பிள்ளைகள் தாமதிக்க வேண்டாம். சிங்கப்பூரில் 1998 முதல் கப்ருக்கு 15 ஆண்டுகளே அனுமதி. பின்னர் எச்சங்களை எடுத்து வேறிடத்தில் மறுஅடக்கம் செய்கிறார்கள். அங்குள்ள தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம்.

காதர், காதிர், காடர் என ஒரே பெயர் பலவிதமாகப் பதிவாகியிருக்கும். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்; தகப்பனார் பெயரையும் ஒப்பிடுங்கள். கிடைத்த தேதியைக் குடும்ப ஏட்டில் எழுதி வையுங்கள். அவர்களின் மஃபிரத்துக்காக துஆச் செய்யவும் மறவாதீர்கள்.