இரு பெயர் பெற்ற ஒரு புரதம்

குருதியிலுள்ள தட்டணுக்களின் தொழில் யாது என்று வகுப்பில் வினவினால், "காயத்தை அடைப்பது" என்று ஒரே குரலில் விடை வரும். முழு மதிப்பெண்ணும் கொடுத்து வந்தேன். அது பாதி விடைதான் என்பதை ஓய்வு பெற்ற பின்னரே படித்தறிந்தேன்.

1867-இல் ஜெர்மானிய அறிஞர் கோன்ஹைம், உயிருள்ள தவளையின் மெல்லிய சவ்வினை உருப்பெருக்கியில் நோக்கினார். அழற்சி கண்ட இடத்தில் வெள்ளணுக்கள் ஓட்டத்தினின்று ஒதுங்கி, சிரையின் சுவரையொட்டி வரிசையாக நின்று, அதனூடே வெளியேறின. அவற்றைப் பிடித்து நிறுத்தியது எது என்பது அன்று விளங்கவில்லை. 1882-இல் இத்தாலியின் தூரின் நகரில் பிட்ஸொஸேரோ, காயமுற்ற நுண்குழாயில் தட்டணுக்கள் திரண்டு ஒட்டுவதைக் கண்டார். அவற்றினிடையே சில வெள்ளணுக்கள் சிக்கியிருந்ததையும் எழுதி வைத்தார். நான் கற்ற நூல்களில் அக்குறிப்பு இல்லை. உறைதல் ஒரு பாடம், அழற்சி வேறு பாடம். நானும் அவ்வாறே நடத்தினேன்.

இரண்டையும் இணைத்தவர்கள் அதனைத் தேடிச் சென்றவர்களல்லர். 1984-இல் அமெரிக்காவில் மெக்எவர் ஒருபுறமும், ஃப்யூரி தம்பதியர் குழு மறுபுறமும், தூண்டப்பட்ட தட்டணுவின் மேற்பரப்பில் மட்டும் தோன்றும் ஒரு புரதத்தைக் கண்டனர். தட்டணு அமைதியாயிருக்கையில் அது உள்ளே சிறு மணிகளில் ஒடுங்கியிருக்கும். ஒருவர் 'ஜிஎம்பி-140' என்றார்; மற்றவர் 'பேட்ஜெம்' என்றார். குழந்தை ஒன்றே!

1989-இல் வியப்பு பெருகியது. அதே புரதம் குருதிக்குழாயின் உட்பூச்சுச் செல்களிலும் இருந்தது. 1964-இல் வெய்பலும் பலாடேயும் அச்செல்களில் கண்டு விவரித்த கோல் வடிவப் பொதிகளே அதன் இருப்பிடம். தூண்டுதல் கிட்டிய சில நிமிடங்களில் அது மேற்பரப்புக்கு வந்து, ஓடிவரும் வெள்ளணுவைப் பற்றும், பற்றிய உடனே விடும், மீண்டும் பற்றும். தேரோட்டத்தில் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை கொடுத்துக் கொடுத்து எடுப்பார்களே, அதுபோல வேகம் தணிந்து வெள்ளணு சுவரில் உருளும். 1993-இல், இப்புரதம் இல்லாதவாறு உருவாக்கிய எலிகளில் தொடக்க நேரத்து உருளல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

'பி-செலக்டின்' என்பது பின்னர் நிலைத்த பொதுப்பெயர். தட்டணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே அந்தப் 'பி'. உட்பூச்சுச் செல்லுக்குப் பெயரில் பங்கில்லை என்பது என் சிறு மனக்குறை. அரிவாளணுச் சோகையின் வேதனையைக் குறைக்க, இப்புரதத்தைத் தடுக்கும் மருந்துக்கு 2019-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அடுத்து நடந்த பெரிய சோதனையில் எதிர்பார்த்த பயன் புலப்படாமையால், 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.